ஒரே நாளில் பன்னிரண்டாயிரம் பேர்

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் ஒரு மார்ச் மாதம் பதினான்காம் தேதி மட்டும் பன்னிரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் பேருக்குப் பார்வைப் பரிசோதனை நடந்திருக்கிறது. அத்தனையையும் ஒருத்தியே செய்திருக்கிறாள். நடுவில் சாப்பிடப் போயிருக்கிறாள், டீ குடித்திருக்கிறாள், என்னோடு இரண்டு மூன்று தடவை சண்டையும் போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்கிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

அந்த ஒருத்திதான் புள்ளியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. முதல் மாடியில், தாழ்வாரக் கடைசியில், கறுப்புத் திரை போட்ட அறை அவளுடையது. உள்ளே படுக்கப்போட்ட வெள்ளை அண்டா மாதிரி ஒரு மெஷின். நோயாளி அதற்குள் முகத்தை நீட்டி, மோவாயை, அதாவது நாடியை, தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கேயாவது சின்னதாக வெளிச்சம் மின்னும். மின்னினால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சுற்றி எதுவோ மின்னும்போது நடுவையே பார்ப்பது மனித குலத்தால் முடியாத காரியம் என்பது புள்ளியக்காவின் இருபத்திரண்டு வருட அனுபவம்.

"புள்ளியைப் பாருங்க. வெளிச்சத்தைத் தேடாதீங்க. தேடினா அது பரீட்சையில பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்கற மாதிரி. புள்ளி, புள்ளி, புள்ளி!"

சுவருக்கு இந்தப் பக்கம், பதிவேட்டு அறையில், நான் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் யார் யார் வந்தார்கள் என்று பெரிய நோட்டில் எழுதுவது என் வேலை. இந்தப் 'புள்ளி, புள்ளி'யைப் பதினைந்து வருடமாகச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குழந்தைகளைத் திட்டும்போதுகூட என் வாயில் அதுதான் வருகிறது.

எதற்கு இந்தப் பரிசோதனை என்று சொல்லிவிடுகிறேன். கண்ணில் அழுத்தம் கூடுகிற நோய் ஒன்று இருக்கிறது. அதில் பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் போகும். வலிக்காது, எரியாது. போன இடம் கறுப்பாகவும் தெரியாது. அங்கே ஒன்றுமே இல்லாததுபோல மூளை ஒப்பேற்றிவிடும். போனது போனதுதான், திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். போகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, இந்த வருடத் தாளைப் போன வருடத் தாளோடு வைத்துப் பார்ப்பது.

"பார்வை போறவங்க யாரும் போகுதுன்னு ஒத்துக்கிட்டதே இல்ல," என்பாள் புள்ளியக்கா. "ஒருத்தர் ராத்திரி தூங்கலைன்னுவார். ஒருத்தங்க நாடி வைக்கற இடம் உயரம்பாங்க. இன்னொருத்தர் மெஷினே சரியில்லைன்னுவார். வாசல்லயே ஒரு பெட்டி வச்சு, சாக்கையெல்லாம் இதுல போட்டுட்டு உள்ள வாங்கன்னு எழுதி ஒட்டணும்."

அவளுக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, டீயைத் தட்டிவிடுவது. மேஜையில் அவளுக்கு இடது பக்கம் நான் டம்ளரை வைப்பேன், அவள் கை வீசுவாள், டம்ளர் போகும். "இங்க கொண்டுவந்து வச்சா எப்படி?" என்று என்னையே திட்டுவாள். நான் துடைத்துக்கொண்டே பதிலுக்குத் திட்டுவேன். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவள் கணவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு மட்டும் நான் லைசென்ஸ் வாங்கித் தரமாட்டேன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

இரண்டாவது, வம்பு. மெஷினோடு ஒட்டிய கம்ப்யூட்டரில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மருத்துவ விஷயம் எழுதுவதற்கு. புள்ளியக்கா அதில் ஊர்க்கதை முழுவதையும் எழுதுவாள். 'மூத்த மருமகளோடு வந்தார், இளையவளோடு பேச்சு இல்லை.' 'லிஃப்ட் ரிப்பேர், படியேறி வந்து மூச்சு வாங்குகிறது.' 'பேத்தி பிறந்து மூணு நாள், பட்டனைச் சும்மா சும்மா அமுக்குகிறார்.' நிர்வாகத்துக்கு விஷயம் போய், நோயாளிகளின் குடும்ப விவகாரங்களைக் கணினியில் ஏற்றக் கூடாது என்று மெமோ வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த நோயாளியின் குறிப்பில் எழுதினாள்: 'எனக்கு மெமோ வந்த நாள். இவர் நல்ல மனுஷர், ஆறுதல் சொன்னார்.'

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டிபோல் பின்னால் நீண்ட டி.வி., திறந்தால் பச்சைப் புல்மேடு, நீல வானம், நாலு மேகம். ஆன் செய்தால் எழுந்து உட்கார இருபது நிமிடம். மெஷின் விற்ற கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது. போகும்போது ஒரு குட்டையும் குழப்பிவிட்டுப் போனது. மெஷினை ஓட்டும் புரோகிராமின் உரிமம் ஒரு மார்ச் பதினைந்தாம் தேதியோடு முடிந்தது. அன்று காலை திரையில் 'உரிமம் முடிந்துவிட்டது' என்று வந்து நின்றது. புதுப்பிக்கலாம் என்றால் கம்பெனி இல்லை. வெளியே பதினெட்டு நோயாளிகள் காத்திருந்தார்கள்.

புள்ளியக்கா ஐந்து நிமிடம் யோசித்தாள். பிறகு கம்ப்யூட்டரின் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளிப் பதினான்காக்கினாள். மெஷின் ஒரு வார்த்தை பேசாமல் ஓடியது. மறுநாள் காலையும் தள்ளினாள். அதற்கடுத்த நாளும். காலையில் வந்ததும் பையை மாட்டுவது, ஃபேனைப் போடுவது, தேதியைப் பதினான்காக்குவது என்று வழக்கமாகிவிட்டது. அச்சாகி வரும் தாளில் சரியான தேதியைப் பேனாவால் எழுதி நோயாளி கையில் கொடுத்துவிடுவாள். இப்படி ஒன்பது வருடம்.

அந்த ஒன்பது வருடமும் மெஷினைப் பொறுத்தவரை எங்கள் ஊரில் யாருக்கும் வயதாகவில்லை. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் அதில் அறுபத்தாறாகவே இருந்தார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பதிய முடியவில்லை, ஏனென்றால் அவள் இன்னும் பிறக்கவே இல்லை. அந்தச் சிறுமியுடைய அக்காவின் பிறந்த தேதியைப் போட்டுப் புள்ளியக்கா சமாளித்தாள். புள்ளியக்காவுக்கே அதில் நாற்பத்தெட்டுதான். "இந்த ஆஸ்பத்திரியில என்னை மதிக்கறது இது ஒண்ணுதான்" என்பாள்.

இந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து சிஸ்டம்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். கையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க்.

"மேடம், இதைச் செஞ்சவங்களே இதைக் கைகழுவி வருஷக்கணக்காச்சு. இதுக்குப் பாதுகாப்பே கிடையாது. ஒரு வைரஸ் உள்ள வந்தா ஆஸ்பத்திரி மொத்தமும் படுத்துரும்."

"இதுல வைரஸ் வரணும்னா முதல்ல இது ஆன் ஆகணும் சார். அதுக்கே இருபது நிமிஷம். எந்த வைரஸுக்கு அவ்வளவு பொறுமை இருக்கு?"

"புது மெஷினும் புது சிஸ்டமும் மூணு வாரத்துல வந்துரும். பழசு எல்லாத்தையும் அதுல ஏத்திட்டு இதை எடுத்துருவோம்."

"இது தங்கம் சார். ஒரு நாள் தப்பாக் காட்டினதில்ல," என்று புள்ளியக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அவர் வெந்நீரைக் குடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் வேலையைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "மேடம், ஒரு மார்ச் பதினாலாம் தேதி நீங்க என்ன பண்ணினீங்க?"

"ஏன்?"

"ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம்னு வச்சாலும், அந்த ஒரு நாளைக்குள்ள நூத்தி முப்பது நாள் இருந்திருக்கணும். புது சிஸ்டம் இதையெல்லாம் வாங்க மாட்டேங்குது. தேதி நம்பற மாதிரி இல்லைன்னு திருப்பி அனுப்புது."

வரிசை எண்ணாவது உண்டா என்று தேடினார். நாலு வருடத்துக்கு முன் டிஸ்க் ஒருமுறை செத்துப் பிழைத்ததில் எண்களெல்லாம் கலைந்து கிடந்தன. எது முதல் பரிசோதனை, எது ஐந்தாவது என்று சொல்ல வழியில்லை. பேசாமல் பழசை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்துவிடலாம் என்றார் சிஸ்டம்காரர்.

பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். "புதுசா ஆரம்பிச்சா, இன்னிக்கு இருக்கற பார்வைதான் ஆரம்பம்னு அது எடுத்துக்கும். இதுவரைக்கும் எவ்வளவு வேகமாப் போச்சுங்கறது கணக்குலயே வராது. அழுத்த நோய்க்காரங்க மட்டும் அறுநூத்தி நாப்பது பேர் இருக்காங்க. யாருக்குக் குறையுது, யாருக்கு நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தாளைப் பத்திரமா வச்சிருக்கறவங்க பத்துப் பேர்கூட இருக்க மாட்டாங்க." அவர் புள்ளியக்காவைப் பார்க்காமல்தான் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

புள்ளியக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவள் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்; இல்லை. மதியம் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். டீயைத் தட்டிவிட்டாள். திட்டக்கூட இல்லை.

"அறுநூத்தி நாப்பது பேரோட கண்ணு," என்றாள். "நான்தான் பண்ணிட்டேன்."

"நீ தள்ளலைன்னா ஒன்பது வருஷம் டெஸ்டே நடந்திருக்காதுக்கா."

"அதைப் போய் அவங்ககிட்ட சொல்லு." கொஞ்ச நேரம் என் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். "ஏய், லிஃப்ட் ரிப்பேரானது எப்போ?"

"எந்த ரிப்பேர்?"

"பத்து நாள் ஓடாம கிடந்துச்சே, அது."

நான் நோட்டைப் புரட்டினேன். என் நோட்டில் தேதி இருக்கிறது, வந்தவர் பெயர் இருக்கிறது, ஆனால் அன்று அவருக்குப் பரிசோதனை நடந்ததா, வெறும் கண்ணாடி மாற்றினார்களா என்பது இல்லை. அவள் குறிப்பில் தேதி இல்லை, வம்பு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். லிஃப்ட் ஓடாத பத்து நாளில் வந்த அழுத்த நோய்க்காரர்கள் எல்லாரும் வரிசையாக எழுந்து நின்றார்கள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் அறையில் நடந்தது அலுவலக வேலையா, பொரணியா என்று சொல்ல முடியாது. மதியம் இரண்டு மணிக்கு நோயாளிகள் கூட்டம் வடிந்ததும் உட்கார்வோம். அவள் குறிப்பை வாசிப்பாள், நான் நோட்டில் தேடுவேன், சிஸ்டம்காரர் தேதியை ஏற்றுவார். 'மழை, ரேஷன் கார்டு நனைந்துவிட்டது என்று புலம்பல்.' 'டீச்சர் ரிட்டையர் ஆகி முதல் நாள், பொழுது போகவில்லையாம், அதனால் வந்தாராம்.' 'முன்பல் கட்டியிருக்கிறார், சிரித்துக்கொண்டே இருக்கிறார், நாடி தாங்கியில் நிற்கவில்லை.' ஒரு பெரியவருக்கு ஏழு பரிசோதனைகள். ஏழிலும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதைப் பற்றிய புகார். எத்தனை முறை ஏற்றினார் என்று எண்ணி வரிசைப்படுத்தினோம். மெமோ வந்த நாள் எங்களுக்குப் பெரிய மைல்கல்லாக அமைந்தது, மெமோவிலேயே தேதி இருந்ததல்லவா. தன் தாளிலிருந்த அந்தத் தேதியை நிர்வாகமே தேடிக் கொடுத்தது. எதற்கு என்று கேட்டபோது, ஆவணப் பாதுகாப்புக்கு என்றேன்.

முதல் வாரம் "இதெல்லாம் முறையில்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்த சிஸ்டம்காரர் இரண்டாவது வாரம் முன்னாடியே வந்து உட்கார ஆரம்பித்தார். "அந்த இளைய மருமக அப்புறம் பேசினாங்களா?" என்று அவரே கேட்டார். பேசியது இரண்டு வருடம் கழித்து. அந்தக் குறிப்பு வந்தபோது அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, ஒரு மூடி வெந்நீர் குடித்தார்.

மூவாயிரத்து எண்ணூறு பரிசோதனைகள் ஒழுங்கானபோது புள்ளியக்கா பழைய புள்ளியக்கா ஆகிவிட்டாள். "வம்பு வம்புன்னு மெமோ குடுத்தாங்கல்ல? இப்போ யார் கண்ணைக் காப்பாத்துச்சு?" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். அவளுக்கு அது தகும் என்று நானும் நினைத்தேன்.

மிச்சமிருந்தது அவளுடைய சொந்தக் கோப்பு மட்டும். வருடத்தின் முதல் வேலைநாள் காலையில், நோயாளிகள் வருமுன், மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளே உட்கார்ந்து தனக்குச் செய்துகொள்வது வழக்கம். தொடக்கப் பட்டனை அமுக்கிவிட்டு ஓடிப்போய் நாடியை வைப்பாள். "அது வேண்டாம் சார், அது மெஷினுக்குப் பண்ற டெஸ்ட், எனக்கில்ல," என்றாள். அன்று அவள் போனபிறகு, ஒரு கோப்பு பாக்கி நிற்பது பிடிக்காமல் சிஸ்டம்காரர் அதையும் ஏற்றிவிட்டார். அதற்கு என் நோட்டே தேவைப்படவில்லை. ஒவ்வொன்றிலும் அவளே எந்த வருடம் என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் பெரிய டாக்டர் அறையில் புது சிஸ்டம் முதல் முறையாக எல்லாருடைய தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தது. பார்வை குறைந்துகொண்டே வருகிறவர்கள் என்று நாற்பத்தொரு பெயர்களைச் சிவப்பில் காட்டியது. புள்ளியக்கா டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கல்யாண வீட்டு அம்மா மாதிரி ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினாள். "இவர் வாடகைக்காரர். இவங்க டீச்சர், அன்னிக்கே நினைச்சேன். இவர்..."

நாலாவது பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிற பெயர். எங்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"இது தப்பு," என்றாள் புள்ளியக்கா. "அந்த மெஷின்ல இடது பக்கம் கீழ வெளிச்சம் சரியா விழாது டாக்டர். நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். பாருங்க, குறிப்புல பாருங்க."

டாக்டர் திறந்தார். முதல் வருடம்: 'ராத்திரி தூக்கமில்லை, இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.' அடுத்தது: 'சளி.' அதற்கடுத்தது: 'இடது கீழ்ப் பக்கம் பல்பு மங்கல், சொல்ல வேண்டும்.' பிறகு, 'பல்பு மாற்றியும் அப்படியே, மெஷின் பழசு.' 'நாடித் தாங்கி உயரம்.' 'மெஷின் மிகவும் பழசு.' ஒன்பது வருடத்துக்கும் ஒவ்வொன்று இருந்தது. ஊரார் கண்ணுக்கு ஒன்பது வருடம் தங்கமாக இருந்த மெஷின், ஜனவரி முதல் வேலைநாள் காலையில் மட்டும் கெட்டுப்போயிருக்கிறது.

"அந்தப் பல்பு வேற யாருக்கும் கோளாறு காட்டலையே மேடம்," என்றார் சிஸ்டம்காரர், மெதுவாக. அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்டார்.

எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. டீதான் தோன்றியது. ஒன்பது வருடம் அவள் இடது பக்கத்தில் டம்ளரை வைத்து, அவள் தட்டிவிட்டதும் துடைத்து, திட்டி, மறுநாள் மறுபடி அங்கேயே வைத்தவள் நான். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற லட்சணம் அது. அவளாவது தன் கண்ணால் பார்க்க முடியாததைப் பார்க்கவில்லை. எனக்கு என்ன கேடு?

டாக்டர் அழுத்தம் பார்த்தார், கூடுதலாகத்தான் இருந்தது. சொட்டு மருந்து எழுதினார். புது மெஷின் வந்த அன்றைக்கே ஒரு பரிசோதனை எடுத்துவிடச் சொன்னார். புது மெஷினில் தானே தொடங்கி ஓடிப்போய் உட்கார முடியாது, இன்னொருவர் ஓட்ட வேண்டும். பயிற்சி என்று எனக்கும் அரை நாள் காட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆக நான் நாற்காலியில், அவள் அண்டாவுக்குள்.

"இது நாடி வைக்கற இடம் உயரமா இருக்கே," என்றாள் உட்கார்ந்ததும்.

"பெட்டி வாசல்ல இருக்குக்கா. அதுல போட்டுட்டு வந்திருக்கணும்."

சிரித்தாள் என்று நினைக்கிறேன், முகம் உள்ளே இருந்தது. தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் அவள் கண் நடுவை விட்டு இடது பக்கம் கீழே ஓடியது. திரையில் அப்பட்டமாகத் தெரிந்தது. மறுபடி ஓடியது. இருபத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவள், எல்லாரையும் போலக் கையும் களவுமாக வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏதாவது அங்கே இருக்காதா என்று தேடினாள்.

"புள்ளி," என்றேன். "புள்ளியைப் பாருக்கா. தேடாதே."

"தேடல," என்றாள்.

"புள்ளி."

முடிந்ததும் புது சிஸ்டத்தில் குறிப்பு எழுதத் தேடினேன். கட்டமே இல்லை. நோயாளியின் ஒத்துழைப்பு நன்று, சுமார், மோசம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதுமாம். 'மோசம்' என்று தேர்ந்தெடுத்தேன். வேறு எதைப் போட்டாலும் அவளே என்னைத் திட்டியிருப்பாள்.

தாள் வந்தது. மேலே அன்றைய தேதி, பேனாவால் எழுத வேண்டிய அவசியமில்லாமல் அச்சிலேயே. வயது ஐம்பத்தேழு. கீழே வட்டத்துக்குள் இடது பக்கம் கறுப்பு. மூன்றையும் அவள் வரிசையாக, நிதானமாகப் பார்த்தாள். வயதைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. நான் என் அறைக்குப் போய் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தேன். வாசலில் ஒரு நொடி நின்றேன். பழக்கத்தை மாற்றினால் அவளுக்கு உறைக்குமோ என்று பயந்து, வழக்கம்போல் இடது பக்கமே வைத்தேன்.

அவள் கையை வீசவில்லை. தலையை முழுக்க இடது பக்கம் திருப்பி, டம்ளர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, எடுத்துக் குடித்தாள்.

"நாளையிலேர்ந்து வலப்பக்கம் வை," என்றாள்.